கிளிக்கு இருமத் தெரியாது

கிளி இருமியது.

லொக், லொக், லொக் என்று மனிதர்கள் இருமுகிற அதே வறட்டு இருமல். கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது நூல் மாதிரி மெல்லிய ஒரு விசில். அது முடிந்ததும் தொண்டைக்குள்ளிருந்து ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். பிறகு ‘ணங், ணங், ணங்’ என்று மணி அடித்தது. எல்லாம் முடிந்தபின் தலையைச் சாய்த்து, கூண்டுக்கு வெளியே நின்ற மூன்று பேரையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தது, எப்படி நம்ம வித்தை என்று கேட்பதுபோல.

“இதுக்கு மருந்து குடுக்கறதா, கை தட்டறதா?” என்றான் ரேடியோ.

ரேடியோ என்பது அவனுடைய அண்ணன் வைத்த பெயர். வாய் ஓயாத தம்பிக்கு, திருகி அணைக்க ஒரு குமிழ் மட்டும்தான் இல்லை என்று சொல்லி வைத்தார். அண்ணன் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் நடத்திய துப்பறியும் அலுவலகத்தை இப்போது அவருடைய மனைவி நடத்துகிறாள். ரேடியோ அவளை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, துப்பறியச் சொல்லி வருகிறவர்கள், போலீஸ்காரர்கள், எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அண்ணி என்று கூப்பிட ஊரே இருந்தது. ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தால் அவளை எதுவுமே சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அதனால்தானோ என்னவோ, அவளுக்கு வீட்டுக் கட்டிலில் பிடிக்காத தூக்கம் மத்தியான வேளையில் அலுவலக சோபாவில் நன்றாகப் பிடித்தது.

“மருந்து குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் கால்நடை மருத்துவர். பறவை, பூனை, நாய் எது வந்தாலும் ஒரே பொறுமையோடு பார்க்கிற டாக்டரம்மா. “இங்க வந்தப்ப ஸ்டேஷன் மாஸ்டர் பிழைப்பானான்னே தெரியல. சிறகெல்லாம் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலயும் கீழயும் ஆடிச்சு. பறவைக்கு மூச்சு முட்டுதான்னு வாலைப் பாத்தாலே தெரிஞ்சுடும்.”

ஸ்டேஷன் மாஸ்டர் என்பது கிளியின் பெயர். சாம்பல் நிற உடம்பு, வால் மட்டும் பச்சைக் கொடி காட்ட மறந்து சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டது மாதிரி பளிச்சென்ற சிவப்பு.

“என்ன நோய்?” என்றாள் அண்ணி.

“முதல்ல பூஞ்சைன்னு நினைச்சேன். ஈரத்துல பூத்துப்போன தானியத்தைப் போட்டா அது நுரையீரல்ல போய்க் குடியேறும். பரிசோதனையில வேற வந்துச்சு. கிளிக்காய்ச்சல். பாக்டீரியா. எச்சம் காஞ்சு தூசியாகி, அந்தத் தூசி மூச்சுல போனா தொத்திக்கும். கிளிக்குக் கிளி மட்டுமில்ல, மனுஷங்களுக்கும்தான்.”

ரேடியோ சத்தமில்லாமல் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

“பயப்படாதீங்க, இவனுக்கு முக்கால்வாசி குணமாயிடுச்சு. இருந்தாலும் ஆளுக்கொரு மாஸ்க் போட்டுக்குங்க” என்று இரண்டை எடுத்து நீட்டினாள் டாக்டரம்மா. “என் பிரச்சினை இந்த இருமல். கிளிக்கு இருமத் தெரியாது. நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை இருக்கு. அது எத்தினாத்தான் இப்படி லொக்குன்னு வரும். பறவைக்கு அந்தத் தசையே கிடையாது. அதனால இது நோயில்ல, நடிப்பு. யாரோ இருமறதைக் கேட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு, கத்துக்கிட்டிருக்கு.”

“யாருன்னு கண்டுபிடிக்கத்தான் அதோட சொந்தக்காரர் எங்ககிட்ட வந்தார்” என்றாள் அண்ணி.

“சீக்கிரம் கண்டுபிடிங்க. நோய்வாய்ப்பட்ட கிளி பக்கத்துல இருந்து ஒரு ஆள் இருமறார்னா, அந்த ஆளுக்கும் கிளிக்காய்ச்சல் பிடிச்சிருக்கலாம். மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும். தெரியாம விட்டா நுரையீரல் நிரம்பிப் போயிடும். உயிரே போகலாம்.”

“வீட்டுல வேற யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு அவரைக் கேட்டீங்களா?”

“முதல் நாளே கேட்டேன். காய்ச்சல், தலைவலி, இருமல் யாருக்காவது இருக்கான்னு. ‘வீட்டுல யாரும் இல்ல டாக்டர்’னு சொல்லிட்டார்.”

பேச்சு தன்னைப் பற்றியதில்லை என்பதைப் பொறுக்க முடியவில்லை போலும், கிளி கம்பீரமான ஆண் குரலில் குறுக்கிட்டது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தாமதத்திற்கு வருந்துகிறோம்.”

“வருந்தற மாதிரியே தெரியலையே” என்றான் ரேடியோ.

கிளியின் சொந்தக்காரர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ராத்திரி முழுக்கக் கண்ணாடிக் கூண்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, தூங்கி வழிகிற ஜனங்களுக்கு வண்டி எப்போது வரும், எப்போது வராது என்று சொல்வது அவர் வேலை. போன வாரம் அலுவலகத்துக்கு வந்தவர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அந்த அழகான குரலில் விஷயத்தைச் சொன்னார். வீட்டில் அவரும் கிளியும்தான். அவர் வேலைக்குப் போனபின் யாரோ வீட்டுக்குள் வந்து போகிறார்கள். அந்த ஆளின் இருமலைக் கிளி கற்றுக்கொண்டுவிட்டது. வேறு எதுவும் காணாமல் போகவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். “யாருன்னு கண்டுபிடிச்சா போதும்மா. பிடிக்க வேண்டாம்.”

அண்ணிக்கு அந்த வார்த்தை செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் ஆள் புகுந்தால் எவனும் பிடித்துக் கொடு என்பான். பிடிக்க வேண்டாம் என்று கேட்கிறவரை அவள் பார்த்ததில்லை.

கிளியை டாக்டரம்மாவிடமே விட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

“அந்த மணியைக் கவனிச்சியா?” என்றாள் அண்ணி.

“ஸ்டேஷன் மணி. பின்ன ரயில்காரர் கிளி கோயில் மணியா அடிக்கும்?” ரேடியோ ஸ்கூட்டரை உதைத்தான். “அந்த கிரீச்சுதான் புரியல. வண்டி பிரேக்கா இருக்குமோ?”

“கிளி என்னிக்காவது ஸ்டேஷனுக்குப் போயிருக்கா?”

உதைத்த கால் அப்படியே நின்றது. “இல்ல” என்றான் ரேடியோ.

“அப்போ மணி எப்படித் தெரியும்?”

அவன் ஸ்கூட்டரை மறுபடி உதைத்தான். ரேடியோவிடம் பதில் இல்லாமல் போவது அபூர்வம். அதனால் அண்ணி அந்தக் கேள்வியைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டாள்.

அறிவிப்பாளரின் வீடு சந்துக்குள், மாடியில். ஏறுகிற படிக்கட்டில் எதிரே யாராவது வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் எதிரே யாரும் வரவில்லை. வருகிற மாதிரியும் தெரியவில்லை. கைப்பிடிக் கம்பியில் ஒருவர் கை படுகிற இடம் மட்டும் துரு போய்ப் பளபளத்தது.

“மறுபடி சொல்லு” என்றாள் அண்ணி.

“சொல்றதுக்கு என்ன இருக்கு? தினம் ராத்திரி எதிர் மாடியில கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது ஒரே ஒரு பூனை. அதுவும் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, பாவம்னு போயிடுச்சு. நீங்க கதவிடுக்குல சொருகி வெச்ச காகிதத் துண்டு வெச்ச இடத்துலயே இருந்துச்சு. ராத்திரியில இந்த வீட்டுக்குள்ள காத்துகூட நுழையல அண்ணி.”

அவள் கதவைத் தட்டினாள்.

திறந்த அறிவிப்பாளரின் கண் சிவந்திருந்தது. கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். கன்னத்தின் ஒரு பக்கம் மிட்டாயை அதக்கி வைத்தது மாதிரி புடைத்திருந்தது.

“வாங்கம்மா, வாங்க தம்பி. தூங்கப் போற நேரம், அதான் வீடு இப்படிக் கிடக்கு.”

வீடு எப்படியும் கிடக்கவில்லை. கிடப்பதற்கு அங்கே பொருளே இல்லை. முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, ஜன்னலோரம் கிளிக்கூண்டு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெளுப்பு. கதவில்லாத நிலைக்கு அப்பால் இரும்புக் கட்டில் போட்ட உள்ளறை. அலமாரி மேலே கவிழ்த்து வைத்த ஒரு சின்னக் கூண்டு. ஜன்னல் விளிம்பில் தொண்டை மிட்டாயின் காகிதங்கள் ஒரு குவியல்.

ரேடியோ மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு சமையல் மேடையை எட்டிப் பார்த்தான். திரும்பி வந்து அண்ணியின் காதருகே குனிந்தான். “மேடையில ரெண்டு கோப்பை அண்ணி. ரெண்டும் ஈரம். ஆள் வந்திருக்கு.”

“பொறு” என்றாள் அண்ணி. நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள், ரேடியோ முக்காலியைப் பிடித்துக்கொண்டான், வீட்டுக்காரர் நின்றார். அந்த வீட்டில் மூன்றாவது ஆள் உட்கார வழியில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தபடி அவள் கேட்டாள். “யாரோ வந்து போறாங்கன்னு சொன்னீங்க. பூட்டை மாத்தலையா?”

“மாத்தணும்.”

“பழைய பூட்டுக்கு ரெண்டு சாவி இருந்திருக்குமே. இன்னொண்ணு யார்கிட்ட இருக்கு?”

அறிவிப்பாளர் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். ஆயிரம் பேர் காதில் விழப் பேசுகிற மனிதருக்கு இரண்டு பேர் முன்னால் குரல் எழும்பவில்லை.

“அவகிட்ட” என்றார் கடைசியில். “என் வீட்டுக்காரிகிட்ட. நாலு வருஷம் முன்னாடி போயிட்டா. சண்டை ஒண்ணுமில்ல. நான் வீட்டுக்கு வரும்போது அவ வேலைக்குக் கிளம்பிடுவா, அவ வரும்போது நான் கிளம்பிடுவேன். இதுக்கு நான் தனியாவே இருக்கலாமேன்னு ஒரு நாள் சொன்னா. போயிட்டா. சாவியைத் திருப்பித் தரல. நானும் கேக்கல.”

“அவங்க இருமுவாங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த பார்வை அது.

“அவளுக்கு இழுப்பு உண்டும்மா. இருமி முடிக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அதே விசில். கிளிய வாங்கினது அவ போனதுக்கு அப்புறம். அது அவளைப் பாத்ததே கிடையாது. ஆனா அவ இருமல் அதுக்குத் தெரிஞ்சிருக்கே, எப்படி? அவ இங்க வந்திருந்தாத்தானே? நான் இல்லாத நேரமாப் பாத்து வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறா. என்னைப் பாக்க வெக்கமா இருக்கும். அவ சுபாவம் அப்படி.”

ரேடியோ சமையல் மேடையைத் திரும்பிப் பார்த்தான். அந்த வீட்டில் ஈரமாக இருந்த இரண்டாவது கோப்பையைத் தினமும் கழுவிக் கவிழ்க்கிறவர் யார் என்று அவனுக்கும் விளங்கிவிட்டது. அதைக் கண்டுபிடித்ததில் அவனுக்குப் பெருமையே இல்லை.

கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. கிளி ஒரு இருமலைக் கேட்டிருக்கிறது, அதில் விசில் இருக்கிறது, விசிலோடு இருமுகிற ஒருத்தியிடம் சாவி இருக்கிறது. ஆனால் ராத்திரியில் வாசல் காகிதம் அசையவில்லை. வந்தவள் காற்றாக இருந்தாலொழிய அது அசைந்திருக்க வேண்டும். அண்ணிக்கு அந்த மனிதரின் கணக்கு சரியாக வந்துவிடக் கூடாதா என்று ஏக்கமாகவே இருந்தது. தன் வீட்டுப் பூட்டை ராத்திரி திறக்கும்போது, உள்ளே விளக்கு எரிகிறதா என்று கதவிடுக்கைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கும் இன்னும் போகவில்லை.

“அந்தச் சின்னக் கூண்டு?” என்றாள்.

“ராத்திரியெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் தனியாக் கிடக்கறானேன்னு துணைக்கு ஒரு குட்டிக் கிளி வாங்கினேன். தெருவுல கூடையில வெச்சு வித்துக்கிட்டுப் போனான் ஒருத்தன். பாவம், வந்ததுல இருந்து தூங்கிக்கிட்டே இருந்துச்சு. ஒரு வாரத்துல போயிடுச்சு. அப்புறம்தான் இவனுக்கு உடம்பு கெட்டுச்சு.”

நோய் வந்த வழி தெரிந்துவிட்டது. துணைக்கு வந்தது கொண்டுவந்த வினை. அதை எப்படிச் சொல்வது என்று அண்ணி யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளறை ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்தது.

ணங், ணங், ணங்.

ரேடியோ முக்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். “இது கிளியோட மணி.”

“எந்த மணி?” என்றார் அறிவிப்பாளர், எதுவுமே கேட்காதவர் மாதிரி.

“இப்ப அடிச்சுதே.”

“அதுவா? பின்னாடி பள்ளிக்கூடம் தம்பி. பீரியட் மாறும்போதெல்லாம் அடிப்பாங்க. எனக்குக் காது மரத்துப்போச்சு. இப்ப நீங்க சொல்லித்தான் கேட்ட மாதிரி இருக்கு.”

அண்ணி எழுந்து உள்ளறைக்குப் போனாள். கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். கட்டில் ‘கிரீச்’ என்றது. எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி ‘கிரீச்’. தன் கையெழுத்தைத் தானே பார்த்து உறுதி செய்கிற மாதிரி மூன்றாவது தடவையும் உட்கார்ந்து பார்த்தாள்.

நிலைப்படியில் நின்ற ரேடியோ விரல் விட்டு அடுக்கினான். “முதல்ல இருமல். அப்புறம் கட்டில். அப்புறம் பள்ளிக்கூட மணி. அப்போ இருமற ஆளு ராத்திரி வரல அண்ணி, பகல்ல வருது. பகல்ல வந்து, இதே கட்டில்ல படுத்து, புரண்டு படுத்து இருமுது. பகல்ல இந்தக் கட்டில்ல இவர் தூங்கிக்கிட்டிருப்பாரே. அவர் பக்கத்துலயே ஏறிப் படுத்துக்கிட்டு, அவருக்கே தெரியாம...”

சிரிக்கவைக்கத்தான் ஆரம்பித்தான். பாதியில் அவன் முகம் மாறியது. அண்ணி வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

அறிவிப்பாளருக்கு இன்னும் பிடிபடவில்லை. “பகல்லயா? பகல்ல நான் இங்கதானே இருக்கேன். அவ வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“நீங்க ராத்திரி முழுக்க முழிச்சவர்” என்றாள் அண்ணி. “கொஞ்ச நேரம் படுங்க. நாங்க முன்னறையில உட்கார்ந்திருக்கோம்.”

“வந்தா என்னை எழுப்புவீங்களா?”

அண்ணி ஒரு நொடி தயங்கினாள். “எழுப்பறேன்.”

அவர் சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை மாதிரி போய்ப் படுத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் போர்வைக்குள் ஒடுங்கியதை அண்ணி பார்த்தாள்.

முன்னறையில் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசாமல் இருப்பது ரேடியோவுக்குப் பட்டினி கிடப்பது மாதிரி. கடைசியில் அவன் கைபேசியை எடுத்து, அண்ணி சொல்லாமலே, பதிவு செய்கிற பொத்தானை அழுத்தி நிலைப்படியில் வைத்துவிட்டு வந்தான்.

மனிதர் தூங்கிப்போனார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எதையோ கோரஸாகப் படிக்கிற சத்தம் கேட்டது. அது நின்றது. சந்தில் ஒரு சைக்கிள் போனது.

லொக், லொக், லொக்.

கடைசியில் அந்த விசில். பிறகு அவர் புரண்டு படுத்தார். கட்டில் கிரீச்சிட்டது.

ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி எழுந்து போய் அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாள். சுட்டது. இன்னொரு முறை அவர் இருமினார். தூக்கத்தில் முகம் சுருங்கியது, எழவில்லை. இந்த வீட்டில் இது எத்தனை நாளாக நடக்கிறது? கேட்டது கிளி ஒன்றுதான். அதற்குத் தெரிந்த ஒரே வழியில் அது சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறது.

அவள் தோளைத் தொட்டு எழுப்பினாள். எதுவும் பேசாமல் கைபேசியை அவர் முன்னால் வைத்து ஓடவிட்டாள்.

அறிவிப்பாளர் கேட்டார். முகத்தில் வெளிச்சம் வந்தது. “பாத்தீங்களா, இதேதான். இதே இருமல்தான். கிளிய எப்ப கொண்டுவந்தீங்க?”

“கிளி டாக்டரம்மாகிட்ட இருக்குங்க.”

அவர் ஜன்னலோரம் பார்த்தார். அங்கே வெறும் வட்டம்தான் இருந்தது. சட்டென்று போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். “அப்போ அவ வந்தாளா? வந்துட்டுப் போயிட்டாளா? எழுப்பறேன்னு சொன்னீங்களேம்மா.”

அண்ணி தன் தொழிலில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறாள். திருடன் உங்கள் மகன்தான் என்று சொல்லியிருக்கிறாள். இதைச் சொல்லும் முன் கட்டிலின் ஓரத்தில் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“இருமினது நீங்கதான்” என்றாள்.

“நானா?”

“தூக்கத்துல. கிளி உங்ககிட்ட இருந்துதான் கத்துக்கிச்சு. கிளிக்கு வந்த காய்ச்சல் உங்களுக்கும் வந்திருக்கு. நெத்தி கொதிக்குது. அந்த விசில் உங்க நெஞ்சுல இருந்து வருது.”

“எனக்கு இருமல் இல்லம்மா. தொண்டை கமறும், அது எங்க தொழில்ல எல்லாருக்கும் உண்டு. மிட்டாய் போட்டுப்பேன். இருமல் இருந்தா தெரியாதா? யாருமே சொன்னதில்லையே.”

“யாருங்க சொல்லுவாங்க?” என்றாள் அண்ணி மெதுவாக.

கண்ணாடிக் கூண்டு, படிக்கட்டு, ஒற்றை நாற்காலி எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின.

“டாக்டரம்மா கேட்டாங்க” என்றார். “வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு. வீட்டுல யாரும் இல்லன்னு சொன்னேன். என்னைக் கேக்கறாங்கன்னு தோணவே இல்ல.”

ரேடியோ திரும்பி நின்று ஜன்னல் விளிம்பில் இருந்த மிட்டாய்க் காகிதங்களைக் கூட்டி அள்ளினான். அது அவன் வேலையல்ல. அவனுக்குக் கையில் ஏதாவது வேண்டியிருந்தது.

“அப்போ யாரும் வரல” என்றார் அறிவிப்பாளர்.

“யாரும் வரலைங்க.”

“ஒரு நாள்கூட?”

இல்லை என்று அவள் தலையசைத்தாள். நோய் இருக்கிறது என்றபோது உட்கார்ந்தே இருந்த மனிதர், இதைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துவிட்டார். தன் உயிர் போகலாம் என்பதைவிட, யாரும் வரவில்லை என்பதுதான் அவரை அடித்துப் போட்டது. அண்ணி அவருடைய செருப்பைக் கட்டிலுக்கு அருகே நகர்த்தி வைத்தாள். ரேடியோ கீழே ஓடி ஆட்டோ பிடித்து வந்தான். படிக்கட்டில் மூன்று பேர் சேர்ந்து இறங்க இடமில்லை. ரேடியோ அவரை முன்னால் நின்று தாங்க, அண்ணி பின்னால் நின்று பிடித்துக்கொள்ள, ஒருவழியாக இறங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நெஞ்சின் ஒரு பக்கம் கீழே மேகம் மாதிரி வெளுத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும், இப்போது பயமில்லை என்று சொன்ன டாக்டர், கொடுக்கப்போகும் மருந்தின் பெயரையும் சொன்னார். டாக்டரம்மா சொட்டு மருந்தாகக் கிளிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே மருந்து.

“நல்லதாப்போச்சு” என்றான் ரேடியோ, படுக்கையின் கால்மாட்டில் நின்றபடி. “உங்களுக்கு மாத்திரை தீர்ந்துபோச்சுன்னா ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட கைமாத்து வாங்கிக்கலாம்.”

அறிவிப்பாளர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இந்த முறை அதை அவரே கேட்டார். கேட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

“அவளோட இருமல் மாதிரியேதான் இருக்கு” என்றார். பிறகு, “வீட்டுக்குப் போனதும் பூட்டை மாத்திடவாம்மா?”

“எதுக்கு மாத்தணும்? சாவியை என்கிட்ட குடுங்க. நீங்க இங்க இருக்கற வரைக்கும் வீட்டைத் திறந்து துடைக்கணும், கிளி இருந்த இடத்தை டாக்டரம்மா சொல்றபடி சுத்தம் பண்ணணும். அப்புறம் உங்களுக்கு ஒரு நகல் போட்டுத் தர்றேன், இது என்கிட்டயே இருக்கட்டும். ரெண்டாவது கோப்பையை எப்பவும் போலக் கழுவி வைங்க. இவன் வருவான். டீ ஊத்தலைன்னா இவன் ஓட மாட்டான்.”

அவர் தலையணைக்கடியில் தடவிச் சாவியை எடுத்தார். கொடுக்கும் முன் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு கொடுத்துவிட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது சாயங்கால வெயில் சோபாவின் மேல் விழுந்திருந்தது. அண்ணி கைப்பையை மேசையில் போட்டுவிட்டு, மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்காராமல் சோபாவில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் இன்னும் உட்கார்ந்ததில்லை. ரேடியோ ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தான்.

“தம்பி.”

“ம்.”

“நான் தூக்கத்துல இருமுவேனா?”

ஒரு ஜோக் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். அதற்காகவே கேட்டாள் என்றுகூடச் சொல்லலாம். ரேடியோ கொக்கியைப் போட்டுவிட்டுத் திரும்பினான். அவன் முகத்தில் ஜோக் எதுவும் தட்டுப்படவில்லை.

“இருமறதில்ல அண்ணி. கேள்வி கேப்பீங்க.”

“என்ன கேள்வி?”

“மத்தியானம் இதே சோபாவுல கண்ணசருவீங்கல்ல, அப்ப. ‘கதவைச் சாத்திட்டீங்களா’ன்னு கேப்பீங்க.”

கல்யாணமான நாளிலிருந்து படுக்கப் போகும்போது அவள் கேட்கிற கேள்வி அது. அதைக் கேட்டது ஒரே ஒருவரிடம்தான்.

“பதில் வரலைன்னா மறுபடி மறுபடி கேப்பீங்க. அப்புறம் திடுக்குனு முழிச்சுப்பீங்க. முகமெல்லாம் வேர்த்திருக்கும். முதல்ல ரெண்டு மூணு தடவை அப்படித்தான் ஆச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் பதில் சொல்ல ஆரம்பிச்சேன். ‘சாத்தியாச்சு’ன்னு. கொஞ்சம் குரலைக் கனமா வெச்சுக்கிட்டு, அண்ணன் சொல்ற மாதிரி. சொன்னதும் நல்லாத் தூங்கிடுவீங்க.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா” என்றான் ரேடியோ. கிளியைப் பார்த்துக் கை தட்டவா என்று காலையில் கேட்டவன், இப்போது தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

அண்ணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறைக்கவில்லை. எழுந்து விளக்கை அணைத்தாள். அறிவிப்பாளரின் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அவனுக்கு முன்னால் படி இறங்கினாள். பாதிப் படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“கதவைச் சாத்திட்டியா?”

“சாத்தியாச்சு அண்ணி” என்றான் ரேடியோ, தன் சொந்தக் குரலில்.